மேய்ச்சல்

பம்பஸில் சிவப்பு நூல் மாதிரி ஒன்று.
துணியின் நூல் என்றுதான் நினைத்தேன்.
இழுத்துப் பார்த்தேன்.
விரலில் பூசியது.

களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில்
டொக்டர் பிள்ளையைப் பார்த்ததைவிட
என்னைத்தான் கூடப் பார்த்தார்.
என்ன சாப்பிடுறீங்க?
பால், தயிர், நெய், மாஜரின்,
பால்மா போட்ட தேத்தண்ணி.
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்
களவெடுத்துப் பிடிபட்டவள் போல.
எல்லாத்தையும் நிற்பாட்டுங்க.
எருமைப் பாலுமா, என்று கேட்டேன்.
எருமைப் பாலும்தான்.
நீங்க பால் குடுக்கிறதை மட்டும் நிற்பாட்ட வேணாம்.

சதாகரன் வாசலில் நின்றிருந்தான்,
சட்டையில் தயிர் வாசத்தோடு.

விடிய ஐந்தரைக்கு மண்டூர் ஓடத்துறையால்
இருபது சட்டி கொண்டுபோகிறவன் அவன்.
அந்தக் காசில்தான் பம்பஸ்,
இந்த வீட்டின் தகரம்,
இப்போது அடகில் இருக்கும் என் கொடி.

கொப்பி ஒன்று தொடங்கினேன்.
திங்கள்: சோறு, பூசணி, கீளி மீன்.
செவ்வாய்: சோறு, பூசணி, கல்சியம் குளிசை.
புதன்: கடைப் பணிஸ், பாதி. பிறகு பயந்து மிச்சத்தைக் கோழிக்கு.
வியாழன்: சளி மட்டும்.
வெள்ளி: நூல்.
பள்ளியில் கணக்கில் ஒரு நாளும் தேறாதவள்
மலத்தில் கணக்குப் பார்க்கிறேன்.

மூத்த மச்சாள் நாகலெட்சுமி வந்தாள்,
நெய் ஊற்றிய பால்சுறாப் புட்டோடு.
"தாய்ப்பால் ஒத்துவராத பிள்ளை
எந்த ஊரில கா இருக்கு?
உன்ட பாலில என்ன நஞ்சா?"
கேள்வி மார்பில் கட்டிப்போய் நின்றது.

பதில் சொன்னது அவன்.
கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டே,
கிறுகிப் பாராமல்:
"அக்கா, மாடு வேப்பங்குழை திண்டா
பால் கசக்குமா, இல்லையா?
அதுக்காக மாட்டையா விக்கிற?
மேய்ச்சலைத்தானே மாத்துற."

பெண்டாட்டியை எருமையோடு வைத்துப் பேசிவிட்டான்.
அதைவிட நல்ல வார்த்தை
அந்த மாதம் எனக்கு ஆரும் சொல்லவில்லை.

இருந்தும் ஐந்தாம் கிழமை,
பகல் இரண்டு மணி, பிள்ளை நித்திரை.
ஒரு சட்டியில் ஆடை வெடித்திருந்தது,
விற்க உதவாது.
கரண்டிகூட எடுக்கவில்லை.
விரலால்,
பாணி இல்லாமல், நின்றபடி,
மூன்று தரம்.
அழுகை வரும் என்று பார்த்தேன்.
ருசிதான் வந்தது.

சனிக்கிழமை நூல் வந்தது.
கொப்பியில் அந்த நாளுக்கு நேரே
வெறும் கோடு.

அவன் கொப்பியைப் பார்த்தான்.
சட்டியையும் பார்த்திருப்பான்,
மூன்று விரல் போன தடத்தைத்
தயிர் மூடாது.
ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த நாளிலிருந்து சட்டிகள் வீட்டுக்கு வரவில்லை,
பட்டியடியிலேயே உறையப் போட்டான்.
வந்ததும் முழங்கை வரைக்கும் சவர்க்காரம்,
வேறு சட்டை,
பிறகுதான் யதுஷாவைத் தூக்குவான்.
அவள் அவன் மூக்கை எட்டிச் சப்பிவிட்டு
முகத்தைச் சுளிப்பாள்.

இன்று பத்தாம் கிழமை.
நூல் வராத பதினெட்டு நாள்.
எண்ணுவதைச் சொல்லவும் பயமாயிருக்கிறது.

கடைசி ஓடமும் அடங்கிவிட்டது.
இருட்டில் பிள்ளை குடிக்கிறாள்,
உறிஞ்சல், மூச்சு, உறிஞ்சல்.
எனக்குள் இருப்பது பூசணி,
கொஞ்சம் உப்பு, நிறையப் பசி.
இதற்குள்ளிருந்தும்
எப்படியோ இனிப்பைக் கண்டுபிடித்து இழுக்கிறாள்.

பாயின் அந்தப் பக்கத்திலிருந்து அவன் கேட்கிறான்:
"திங்க ஏதும் வேணுமா?"
என்ன இருக்கு, என்றேன்.
நெடுநேரம் யோசித்தான்.
"பூசணி."

நாங்கள் சிரித்த சிரிப்பில்
காம்பு நழுவி,
கோபம் வந்து கத்தினாள் பிள்ளை.